பெற்றோர் கூட்டத்தில் வாய் திறந்து கதைப்போம்

(2013ஆம் ஆண்டின் முதலாம் தவணையில், முள்ளிவாய்க்காலில், மீள்குடியேறிய குடும்பங்களின் பெற்றோர், பாதுகாவலர், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், அதிபர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கூட்டம் என்றதும் உங்களில் பலருக்கு அலுப்பு வந்திருக்கும். அது நியாயம்தான். முகாமில் இருந்த காலத்தில் எத்தனை கூட்டத்துக்கு வந்திருப்பீர்கள்! பதிவுக்கு ஒன்று, தறப்பாளுக்கு ஒன்று, தண்ணீர்த் தாங்கி வைக்க ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார். இந்தப் பக்கம் இருந்த நீங்கள் கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தீர்கள். அந்தப் பக்கம் இருந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் நிறுவனத்தின் படிவங்களில் உங்களுக்கு ஒரு பெயர் உண்டு: பயனாளி. கொடுப்பதை வாங்கிக்கொள்பவர் என்பது அதன் பொருள்.

2012 செப்டெம்பரில் மனிக் பாம் மூடப்பட்டது. இந்தக் கரையோரக் கிராமங்களின் மக்கள் கடைசியாக ஊர் திரும்பியவர்களில் அடங்குவர். முகாம் முடிந்துவிட்டது. ஆனால் அங்கே பழகிய ஒரு பழக்கம் நம்மோடு சேர்ந்து வந்துவிட்டது. கேட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ, குறை சொன்னால் அடுத்த முறை கிடைக்காதோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்தேன். பாடசாலைக் கூட்டத்தில் நீங்கள் பயனாளி அல்ல. இங்கே நீங்கள் உறுப்பினர். உறுப்பினர் வாய் திறக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு முதலில் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மூன்று கிழமை

இது இந்த ஊரில் நடந்ததல்ல. வன்னியில் வேறொரு கிராமம். தரம் 4இல் படிக்கும் ஒரு பையன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வகுப்பாசிரியை தாயிடம் கேட்டபோது, “காய்ச்சல் டீச்சர், திங்கள் வருவான்” என்றார் தாய். அடுத்த கிழமையும் அதே பதில். மூன்றாம் கிழமையும் அதே.

உண்மைக் காரணம் சப்பாத்து. காலைக் கூட்டத்தில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பையனிடம் செருப்பு மட்டும்தான் இருந்தது. வீட்டில் காசில்லை. தாய் அதை ஆசிரியையிடம் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது, “எத்தினை தரம்தான் தம்பி இல்லை இல்லை எண்டு சொல்லுறது? வெக்கமாக் கிடந்தது” என்றார்.

அந்த மூன்று கிழமையும் பையன் வீட்டில் இருக்கவில்லை. பெரிய பையன்களோடு சேர்ந்து பற்றைக்குள் பழைய இரும்பு பொறுக்கப் போனான். ஒருநாள் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தான். நல்ல காலம், மாமன்காரன் கண்டு, தொடாமல் கிராம அலுவலரிடம் சொல்ல, கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அது என்ன பொருள் என்று இந்த ஊரில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு அதிபரிடம் போய்க் கேட்டோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இருக்கிற பிள்ளைகள் போட்டு வாங்கோ, இல்லாத பிள்ளைகள் செருப்போடை வாங்கோ எண்டுதானே சொன்னனான்” என்றார். பையனின் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விசயம் மூன்று கிழமை பிள்ளையை வகுப்புக்கு வெளியே வைத்தது. இன்னும் மூன்று நாள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகுவதைப் பெரிய பெரிய காரணங்களால் விளக்குகிறோம். வறுமை, இடப்பெயர்வு, போர். அவை உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பிள்ளை ஒரு குறிப்பிட்ட காலையில் பாடசாலைக்குப் போகாமல் நிற்பது பெரும்பாலும் சப்பாத்து, கொப்பி, மலசலகூடம், ஓர் ஆசிரியரின் ஏச்சு என்ற சின்ன விசயத்தால்தான். சின்ன விசயம் என்பதாலேயே நாம் அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

கேட்பதற்கு உங்களுக்குள்ள உரிமை

பாடசாலை யாரும் போடும் பிச்சை அல்ல. இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. 5 வயது முதல் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது 1998 முதல் சட்டப்படி கட்டாயம். சங்கக்கடையில் நீங்கள் வாங்கும் பொருள்களின் விலையில் அரசாங்கத்துக்குப் போகும் வரியும் இருக்கிறது. அந்தப் பணத்தில் நடப்பதுதான் பாடசாலை.

ஒவ்வொரு பாடசாலைக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் அதன் தலைவர். ஆசிரியர்களும் பெற்றோரும் அதன் உறுப்பினர்கள். செயற்குழுவைப் பொதுக்கூட்டம்தான் தெரிவு செய்கிறது. கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உறுப்பினரின் வேலை.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில் ஓர் அம்மம்மா வேலிக்கு வெளியே நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். “இது தாய் தேப்பன்மாருக்கு எல்லோ தம்பி” என்றார். அவரின் பேத்திக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்தப் பிள்ளைக்காகக் கதைக்க அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? பிள்ளையை வளர்ப்பவர் யாரோ அவர்தான் பாதுகாவலர். அம்மம்மா, சித்தி, மாமா, மூத்த அக்கா, யாராக இருந்தாலும் சரி. வேலிக்கு வெளியே நிற்க வேண்டாம். முன்வரிசையில் வந்து இருங்கள்.

கதைக்க வேண்டிய சின்ன விசயங்கள்

என்ன கதைப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக, வேறு கிராமங்களின் கூட்டங்களில் நான் கேட்ட சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலசலகூடம். ஒரு தாய் சொன்னார்: “பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்தவுடனை பையை எறிஞ்சுபோட்டு வளவுக்குள்ளை ஓடுறாள்.” காலை முழுவதும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். போக வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. மத்தியானத்தில் தலையிடி. விசாரித்தால், மலசலகூடம் இருக்கிறது, ஆனால் திறப்பு அலுவலகத்தில். ஆண் ஆசிரியரிடம் போய்த் திறப்புக் கேட்கச் சிறு பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம். திறப்பை வகுப்பறையில் ஆணியில் தொங்கவிட்டார்கள். செலவு ஓர் ஆணி.

அப்பாவின் பெயர். படிவம் நிரப்பும்போது வகுப்பில் எழுப்பி, “அப்பா என்ன வேலை?” என்று கேட்பது எல்லாப் பாடசாலைகளிலும் உள்ள வழக்கம். ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் அப்பா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாற்பது பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

வரும் பாதை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் கற்களும் மணலும் ஏற்றிய பெரிய வாகனங்கள் ஓடுகின்றன. சிறு பிள்ளைகள் வீதியைக் கடக்கும் நேரத்தில் முறை வைத்து இரண்டு பெற்றோர் நிற்கலாம். அதைவிட முக்கியம், குறுக்குப் பாதை. துப்புரவாக்கப்பட்டு, ஊர் ஆட்கள் நாளும் நடக்கும் பாதையால் மட்டும் பிள்ளைகள் வர வேண்டும். சிவப்புப் பலகை கட்டிய பக்கம் போகக் கூடாது. தெரியாத பொருளைக் கண்டால் தொடக் கூடாது, கல்லெறியக் கூடாது, வந்த வழியால் திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இதைப் பாடசாலை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதாது. வீட்டிலும் நீங்கள் சொல்ல வேண்டும். காசுக்காக இரும்பு பொறுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதையும் கூட்டத்தில் கதைக்க வேண்டும் என்கிறேன். எந்த வீடு அந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வேறு வழி தேடலாம்.

மத்தியான உணவு. உலக உணவுத் திட்டத்தின் அரிசியும் பருப்பும் வந்தால் போதாது. விறகு வேண்டும், மரக்கறி வேண்டும், சமைக்கக் கை வேண்டும். முறை வைத்துச் சமைக்கும் இடங்களில் எப்போதும் அதே நான்கு தாய்மார்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கூலிவேலைக்குப் போகும் தாயால் வர முடியாது என்றால், அவர் ஞாயிற்றுக்கிழமை விறகு கொண்டுவந்து போடலாம். அதை முன்கூட்டியே கதைத்துப் பட்டியல் போட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

படிப்பு. இந்த வருடம் தரம் 5இல் இருக்கும் பிள்ளை 2009 ஜனவரியில் தரம் 1இல் சேர வேண்டியிருந்த பிள்ளை. அந்த மாதங்களில் நாம் எங்கே இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அ, ஆ எழுதத் தொடங்க வேண்டிய வயதில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகள், பிறகு முகாம் கொட்டிலில் எழுத்துப் படித்தவர்கள், இப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்கு மற்ற மாவட்டப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கப்போகிறார்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு புள்ளி” என்று கேட்பதற்கு முதல், என் பிள்ளை ஒரு பந்தியைத் தடக்குப்படாமல் வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசிக்காவிட்டால் அதை மறைக்க வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லிப் பரிகாரக் கற்பித்தலுக்கு நேரம் கேளுங்கள். பிள்ளை மொக்கு இல்லை. பிள்ளைக்குக் காலம் கிடைக்கவில்லை.

அடி. “அடிச்சுத் திருத்துங்கோ சேர்” என்று சொல்லும் அப்பாமார் இன்னமும் இருக்கிறார்கள். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்தது. நீங்கள் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் அடிக்க முடியாது. சத்தம் கேட்டாலே வெருண்டு மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகள் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். பிரம்பு அவர்களுக்கு எதையும் படிப்பிக்காது.

காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, விடுகைப் பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் பிள்ளையைக் கையில் பிடித்து அதிபரிடம் கூட்டி வாருங்கள். காகித வேலையைப் பிறகு செய்யலாம். பிறப்புப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிறப்பே பதியப்படாத பிள்ளைக்குக் காலம் கடந்தும் பதிவு செய்ய வழி உண்டு. கிராம அலுவலர் உங்களுக்கு வழி காட்டுவார்.

எப்படிக் கதைப்பது

சொல்வதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு மட்டுமான விசயத்தை முதலில் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்குப் பொதுவான விசயத்தைக் கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்னதைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் திகதிக்குள் செய்வது என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எழுதாமல் விட்ட முடிவு கூட்டம் கலையும்போது தேநீரோடு போய்விடும்.

பாடசாலையால் தீர்க்க முடியாதது சில உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை அப்படி ஒன்று. அதற்குச் சங்கத்தின் பெயரில் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் முல்லைத்தீவு வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் எழுதலாம். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். முப்பது பெற்றோர் கையொப்பமிட்ட கடிதம் அதிபர் தனியாக எழுதும் கடிதத்துக்குப் பலம் சேர்க்கும்.

கூட்டத்தில் சொல்லக் கூடாத விசயமும் உண்டு. ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லிப் பிள்ளையை வேதனைப்படுத்த வேண்டாம். அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கள். அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே அழைத்துக் கதைக்கலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

ஆசிரியர்களின் பக்கம்

ஆசிரியர்கள் முன்னால் இருக்கிறார்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலரும் உங்களோடு இடம்பெயர்ந்தவர்கள்தான். சிலர் விடியப் பஸ் ஏறித் தூரத்திலிருந்து வருகிறார்கள். சில இடங்களில் ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒரே கொட்டிலில் வைத்துப் படிப்பிக்கிறார். ஓர் அதிபர் என்னிடம் சொன்னார்: “தாய் தேப்பன் வாறது அரிசி குடுக்கிற அண்டைக்கும் புத்தகம் குடுக்கிற அண்டைக்கும்தான். பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு கேட்டு ஒருதரும் வாறதில்லை.” அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. குறை சொல்ல மட்டும் வருபவரின் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. “டீச்சர், பிள்ளை இப்ப வீட்டிலை பாட்டுப் பாடுறாள்” என்று சொல்லவும் ஒருநாள் வாருங்கள்.

அதிபர் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போக வேண்டும். ஆசிரியரால் முடியாவிட்டால் பக்கத்து வளவுப் பெற்றோர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். “காய்ச்சல்” என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கூட்டத்தை வேலை நாளின் காலையில் வைத்தால் கடலுக்குப் போனவரும் கூலிக்குப் போனவரும் வர முடியாது. நேரத்தையும் பெற்றோரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

எங்களைப் போன்ற நிறுவனங்கள் போய்விடும். எங்கள் திட்டத்துக்கு முடிவுத் திகதி ஒன்று உண்டு. அந்தத் திகதிக்குப் பிறகும் இந்த மணியடிக்க வேண்டும், இந்தப் பிள்ளைகள் வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளப்போவது இந்தக் கொட்டிலுக்குள் இருக்கும் நீங்கள்தான்.

ஆகவே, என் பேச்சை இதோடு நிறுத்துகிறேன். சின்னக் கடதாசித் துண்டுகள் உங்களிடம் வருகின்றன. பிள்ளையைப் பற்றி உங்கள் மனதில் கிடக்கும் ஒரே ஒரு விசயத்தை அதில் எழுதுங்கள். பெயர் போடத் தேவையில்லை. எழுதச் சிரமமானவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதுவியுங்கள். எல்லாவற்றையும் அதிபர் வாசிப்பார், செயலாளர் புத்தகத்தில் எழுதுவார். வெறும் துண்டு ஒன்றும் திரும்பி வரக் கூடாது.

இனி நீங்கள் கதையுங்கள், நான் கேட்கிறேன்.